கைக்கிளையும் குறுந்தொடரும்

செங்கற்பட்டிலிருந்து சென்னைக் கடற்கரைக்குச் செல்லும் மின்சார இரயிலில் நாள்தோறும் ஏறி இறங்குவோர், அருகிருப்பார் கையிலுள்ள செல்பேசியில் ஓடும் குறுந்தொடர்களை விரும்பினும் விரும்பாவிடினும் காணாதிருத்தல் அரிது. ஒரு பகுதி ஒன்று அல்லது இரண்டு நிமிடத்திற்கு மேற்படாது. செல்பேசியை நிமிர்த்துப் பிடித்தவாறே காணுமாறு நெடுமையாகப் படம் பிடிக்கப்பட்டிருக்கும். இத்தகைய பகுதிகள் ஐம்பது, அறுபது, சிலவற்றில் நூறுவரையும் சேர்ந்து ஒரு கதையாம். சீன நாட்டில் தழைத்து உலகெங்கும் பரவிய இவ்வகை நாடகம் இப்போது நம் மொழியிலும் வந்துவிட்டது. கதையோ பெரும்பாலும் ஒன்றே. ஒருவன் ஒருத்தியை விரும்புகின்றான். அவள் அவனை விரும்புகின்றிலள். அவன் அவள் செல்லுமிடமெல்லாஞ் செல்கின்றான், மழையில் நிற்கின்றான், கையை அறுத்துக்கொள்கின்றான், அவள் வேறொருவனோடு பேசக்கண்டாற் சினந்து எரிகின்றான். அறுபதாம் பகுதியில் அவள் மனங்கனிந்து, 'இத்தனை அன்பை யான் அறியாமற் போனேனே' என்று அழுகின்றாள். பெண்ணே பின்தொடர்பவளாக வருங் கதைகளும் உள. ஆனால் அவற்றில் அவள் பெரும்பாலும் தீயவளாகவே காட்டப்பெறுகின்றாள். இவ்வேறுபாடு நினைத்தற்குரியது.

இவற்றை இழிந்தவையென்று ஒதுக்கிவிடுதல் எளிது. நம் தமிழ் வகுப்பினரில் அங்ஙனம் ஒதுக்குவோரே மிகப் பலர். எனக்கு அது பொருந்தவில்லை. என்னை? ஒருதலைக் காமத்தையும் மிக்க காமத்தையும் நம் பழைய இலக்கணிகள் ஒதுக்கினாரல்லர். அவற்றிற்குப் பெயரும் இடமும் எல்லையும் வகுத்தனர். அவர் வகுத்த எல்லையை இக்குறுந்தொடர்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் கருத்து.

தொல்காப்பியர் அகத்திணையியலின் தொடக்கத்திலேயே ஒழுக்கங்களை ஏழாக எண்ணி, கைக்கிளையை முதலிலும் பெருந்திணையை இறுதியிலும் நிறுத்தினார். இடையிலுள்ள ஐந்தே ஒத்த காமம். இவ்வைந்தனுள் குறிஞ்சிக்கு மலையும் முல்லைக்குக் காடும் மருதத்திற்கு வயலும் நெய்தலுக்குக் கடலும் உண்டு. பாலைக்கோ தனக்கென நிலமில்லையாயினும் பொழுதேனும் உண்டு. கைக்கிளைக்கும் பெருந்திணைக்கும் நிலமும் இல்லை, பொழுதும் இல்லை. குறுந்தொடர்களின் கதை நிகழும் மாளிகைகளும் அலுவலகங்களும் எவ்வூரினவென்று சொல்லமுடியாதவாறு இருப்பதைக் காணும்போது எனக்கு இந்நினைவே வரும்.

கைக்கிளை இன்னதென்று கூறுமிடத்துத் தொல்காப்பியர் தரும் அடையாளங்கள் மூன்று. காமத்திற்குரிய பருவம் வாராத இளையவள்மேல் ஒருவன் ஆற்றாத துன்பம் உறுதல். அவளையும் தன்னையும் சார்த்தி நன்மை தீமைகளைத் தானே புணர்த்துக் கூறுதல். அங்ஙனம் கூறியும் அவளிடமிருந்து விடை பெறாது, தான் சொன்ன சொல்லிலேயே தான் இன்புறுதல். மூன்றாவது அடையாளமே நம் பொருளுக்கு இன்றியமையாதது. அவள் மறுத்தாள் என்று ஆசிரியர் கூறவில்லை. விடையில்லை என்றே கூறுகின்றார். விடை வாராதவரையில் அஃது ஒருவன் தன்னோடு தான் பேசிக்கொள்ளும் பேச்சேயன்றி இருவர் காதல் அன்று. மௌனத்தை இசைவாகக் கொள்ளும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலம் இருந்தது. கல்யாண வீடுகளில் இன்றும் இருக்கின்றது. தொல்காப்பியரிடம் அது செல்லாது.

இன்னுமொன்று. களவியலில் மன்றல் எட்டனையும் எழுதிணையுள் அடக்கும்போது முன்னைய மூன்றும் கைக்கிளையின்பாற்படும் என்றார். அம்மூன்றும் அசுரம், இராக்கதம், பைசாசம் என உரையாசிரியர் இளம்பூரணர் காட்டுவர். இராக்கதமாவது ஒருத்தியை அவளது விருப்பும் சுற்றத்தார் விருப்பும் இன்றி வலிதிற் கொண்டுசெல்லுதல். பைசாசமாவது துயின்றாளையும் களித்தாளையும் சேர்தல். இவை மணமென்னும் பெயரால் வழங்கினும் ஒருதலையனவே. தாலி கட்டிவிட்டமையால் அவை ஐந்திணையுள் ஏறிவிடமாட்டா. குறுந்தொடரிற் கதைத்தலைவன் பெண்ணைத் தூக்கிக்கொண்டுபோய்த் தன் மாளிகையில் அடைத்துவைத்து, நாற்பது பகுதிகளுக்குப்பின் அவள் காதலைப் பெறும்போது, நம் வகுப்பறையிற் பாடமாகவிருக்கும் இந்நூற்பா அவனுக்கு என்ன பெயரிடும் என்பதை நாம் அறிவோம்.

நிற்க. கைக்கிளை எல்லாம் இழிந்ததென்று கொள்ளுதலும் தவறாம். நாற்கவிராச நம்பி தம் அகப்பொருள் விளக்கத்தில், தலைவன் தலைவியை முதலிற் காண்டலும், ஐயுறலும், துணிதலும், குறிப்பறிதலும் ஆகிய தொடக்க நிலைகளைக் கைக்கிளையென வைத்தார். எந்தக் காதலும் முதற்கணத்தில் ஒருதலையாகவே தோன்றும் என்பது இதனாற் போதரும். அது வாயில், வாயிலில் நிற்றல் குற்றமன்று. அழையாத வீட்டினுள் நுழைந்தானா என்பதே கேள்வி.

வாயிலிலேயே நின்ற ஒருவரின் பாடல்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அவர் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார். கோழி என்பது உறையூர். அவர் விரும்பியவன் சோழன் போரவைக்கோப்பெருநற்கிள்ளி. உறையூர்த் தித்தன் மகன். தந்தையோடு மனம் வேறுபட்டுப் பிரிந்திருந்தவன். ஆமூர் மல்லனோடு பொருது வென்றவன். அம்மற்போரைச் சாத்தந்தையார் வேறு பாடியிருக்கின்றார். நக்கண்ணையார் பாடியவை புறநானூற்றில் 83, 84, 85 ஆம் பாட்டுக்கள். மூன்றும் மிகச் சிறியன. அக ஒழுக்கமே பேசினும் இவை புறத்தில் வைக்கப்பட்டதற்குக் காரணம், காதலிக்கப்பட்டவன் இன்னானென்று வெளிப்பட நின்றமை. அன்பின் ஐந்திணையிற் பெயர் சுட்டலாகாதென்பது விதி.

முதற்பாட்டில், தன் கைவளை கழல்வதைத் தாய் கண்டுகொள்வாளோ என்று அஞ்சுகின்றாள்; அவனைத் தழுவவோ அவையினர் நடுவே நாணுகின்றாள். ஒருபாற் சாராது தான் நடுங்குவதுபோலவே தன் ஊரும் நடுங்கட்டும் என்று சொல்லிவிடுகின்றாள். அந்தச் சொல்லில் சினம் இருக்கின்றது. ஆனால் அச்சினம் அவன்மேல் அன்று. இரண்டாவதில், அவன் நாடிழந்து புற்கை உண்டும் தோள் பெருத்திருக்கின்றான்; யானோ அவன் இருக்குமிடத்திற்குப் புறத்தே இருந்தும் பசலை பூத்துப் பொன்னிறமானேன் என்கின்றாள். தன்னைத் தானே நகைக்கும் குரல் இங்கே கேட்கின்றது என்பது என் கருத்து. ஆசிரியர் சிலர் ஒப்பார். மூன்றாவதில் ஊரார் அவன் வென்றான் என்பாரும் வென்றிலன் என்பாருமாக இருபாலாகப் பேசுகின்றனர். அவள் ஓடிச்சென்று தன் மனைக்கண்ணே ஒரு பனைமரத்தைச் சார்ந்து நின்று பார்க்கின்றாள். அவன் வென்றதைக் காண்கின்றாள். அவ்வளவே.

அவள் பனையைவிட்டு முன்னே வரவில்லை. தூது விடவில்லை. அவன் அறிந்தானா என்பதும் பாட்டிலில்லை. ஆற்றாமை முழுதும் அவளிடத்தே இருக்கின்றது. அதன் சுமையை அவன்மேல் ஏற்றவில்லை. இப்படியொரு காதலை ஒரு குறுந்தொடர் எடுக்கக் கூடுமா என்று நண்பர் சிலரைக் கேட்டபோது, 'இதில் என்ன நடக்கின்றது?' என்றனர். நியாயமான கேள்வியே.

இனிப் பெருந்திணை. அதற்குத் தொல்காப்பியர் கூறும் நான்கனுள் முதலாவது மடலேறுதல். ஒருவன் பனங்கருக்கினால் குதிரை போலச் செய்து, எருக்கமாலை சூடி, தான் விரும்பியவள் உருவத்தைத் தீட்டிய படத்தைக் கையிலேந்தி, ஊர்த்தெருவில் யாவரும் காண அதன்மேல் ஊர்ந்து வருதலே அது. பனங்கருக்கு உடலை அறுக்கும், குருதி ஒழுகும். 'மடல் பாடிய மாதங்கீரனார்' என்று இதனாலேயே பெயர்பெற்ற புலவரும் உளர். வள்ளுவரும் நாணுத்துறவுரைத்தல் என்னும் அதிகாரத்தில் இதனை எடுத்தாண்டார். பெண் மடலேறுதல் எத்திணைக்கண்ணும் இல்லையென்று தொல்காப்பியர் விலக்க, திருமங்கையாழ்வார் தம் இரு திருமடல்களில் அவ்விலக்கைக் கடந்து தலைவியையே மடலேறத் துணியச் செய்தனர். அது பக்தியின் வேறு வழி.

ஈண்டு இலக்கணிகள் செய்த ஒரு நுண்ணிய வேறுபாட்டை நோக்குக. 'மடலேறுவேன்' என்று தோழியிடம் கூறுதல் ஐந்திணைக்குள் அடங்கும். மெய்யாகவே ஏறினால் அது பெருந்திணை. கூறுதல் ஒன்று, செய்தல் ஒன்று. இவ்வேறுபாட்டை நம் ஆசிரியர்கள் வியந்து பாராட்டுவர். யானும் பாராட்டுகின்றேன், ஆயினும் ஓர் ஐயம் உண்டு. தலைவன் மடலேறுவேனென்று கூறியவுடன் தோழி ஏன் இசைகின்றாள்? அவன் உடல் அறுபடுமென்னும் இரக்கம் ஒன்று. மற்றொன்று, அவன் கையிலேந்தும் படம். அப்படம் தெருவில் வந்தால் அலர் தூற்றப்படுபவள் அவனல்லன், அவள். தன்னைத் தானே வருத்திக்கொள்வதுபோலத் தோன்றினும் மடல் பிறிதொருத்தியின் பெயரைப் பணயமாக வைத்து ஆடும் ஆட்டமாம். கூறிய அளவிலேயே அது வேலையைச் செய்துவிடுகின்றது. கையை அறுத்துக்கொண்டு அவ்விரத்தத்தின் படத்தை அவள் செல்பேசிக்கு அனுப்புகின்ற குறுந்தொடர்த் தலைவனைக் கண்டபோது, அவன் ஏறியிருப்பது பனங்குதிரையே என்று எண்ணினேன். இவ்விடத்தில் மட்டும் தொல்காப்பியரினும் சற்றுக் கடுமையாக இருப்பதே நம் காலத்துக்குத் தகும் எனத் துணிகின்றேன்.

மிக்க காமத்தின் முழு வரலாற்றையும் முடிவுவரை சொன்ன நூல் மணிமேகலை. உதயகுமரன் கொடியவனாகத் தொடங்கவில்லை. மதங்கொண்டு திரிந்த காலவேகமென்னும் யானையை அடக்கி ஊரைக் காத்த வீரனாகவே சாத்தனார் அவனை அறிமுகப்படுத்துகின்றார்; நம் படங்களும் அவ்வாறே செய்யும். எட்டிகுமரன் வாயிலாக மணிமேகலை உவவனம் சென்றதறிந்து அவன் தேரைத் திருப்புகின்றான். அவள் பளிக்கறையுட் புகுந்து தாழிட்டுக்கொள்கின்றாள். பளிங்கின் வழியே அவள் உருவம் தெரிகின்றது, உட்புக வழியில்லை. கண்ணுக்குத் தெரிதலும் கைக்கு எய்தாமையும் ஒருங்கே அமைந்த அந்த அறையை நினைக்குந்தோறும் செல்பேசித் திரையே நினைவிற்கு வருகின்றது. உதயகுமரன் அன்று திரும்புகின்றான். ஆனால் அவளை விடுவதாக அன்று. அவள் பாட்டி சித்திராபதியினால் அவளைப் பெறுவேன் என்று சொல்லிப் போகின்றான்.

அவன் போனபின் மணிமேகலை சுதமதியிடம் ஒன்று கூறுகின்றாள். தன்னைக் கற்பிலளென்று இகழ்ந்த அயலானாயினும் அவன்பின் தன் நெஞ்சு சென்றது. காமத்தின் இயற்கை இதுதானோ என்று வியக்கின்றாள். இப்பகுதியைக் காட்டி, 'பார்த்தீர்களா, உள்ளூர விருப்பம் இருந்தது' என்று வாதிப்போர் உண்டு. முற்பிறப்பில் அவன் இராகுலனாகவும் அவள் இலக்குமியாகவும் கணவன் மனைவியராயிருந்தனர் என்று காப்பியமும் பின்னர் விளக்குகின்றது. ஆகவே இது வெறும் கைக்கிளை என்றும் சொல்லிவிட முடியாது. ஆயினும் சாத்தனார் காட்டும் வழி வேறு. அவள் தன் நெஞ்சை அறிந்தாள். அறிந்தபின் துறவைத் தேர்ந்தாள். நெஞ்சு ஒருகணம் சாய்ந்தது என்பதனால் அவள் வாய்ச்சொல் பொய்யாகிவிடாது. குறுந்தொடரோ அந்த ஒரு கணத்தையே பிடித்துக்கொண்டு, அவள் சொன்ன மறுப்பனைத்தையும் நாடகமென்று ஆக்கிவிடுகின்றது.

பிறகு உலகவறவியில் அவன் வருகின்றான். அவள் காயசண்டிகை வடிவம் கொள்கின்றாள். நள்ளிரவில் மீண்டும் வருகின்றான். அக்காயசண்டிகையின் கணவன் காஞ்சனன், தன் மனைவியை அயலான் நாடுகின்றான் என்று பிறழ உணர்ந்து அவனை வாளால் வெட்டிவிடுகின்றான். மன்னன் மகனின் இறப்பைக் கேட்டபோது, தான் செய்திருக்கவேண்டிய ஒறுத்தலை விஞ்சையன் செய்தான் என்கின்றான். உலக இலக்கியத்தில் ஒரு தந்தை இவ்வாறு சொன்ன இடங்கள் பலவாயிரா. ஆனால் அடுத்து நிகழ்வதைப் பெரும்பாலார் விரைந்து கடந்துவிடுகின்றனர்: மணிமேகலை சிறையிலிடப்படுகின்றாள். காவல் என்று பெயர், அடைப்பு அடைப்பே. அரசமாதேவி அவளைச் சிறைவிடுவித்துக்கொண்டு போய்ப் பித்தேற மருந்தூட்டுகின்றாள். ஒரு முரடனை ஏவி அவள் மானத்தை அழிக்க முயல்கின்றாள். நோயென்று பொய்சொல்லிப் புழுக்கறையில் அடைக்கின்றாள். யாதும் பலியாமற் போகவே இறுதியில் அரசி வருந்துகின்றாள். பின்தொடர்ந்தவன் அவன், அறையில் அடைபட்டவள் அவள்.

விவிலியத்தில் தாவீதின் மகன் அம்னோன் வரலாறு இதற்கு ஒப்பாக நினைவிற்கு வரும். தாமாரின்மேற் கொண்ட ஆசையினால் அவன் நோயுற்று மெலிந்தான். வஞ்சகமாய் அவளை அழைத்து வலிதிற் கெடுத்தான். அப்பொழுதே அவனுடைய வெறுப்பு முன்னிருந்த விருப்பினும் பெரிதாயிற்று. மிக்க காமத்துள் வெறுப்பு முன்னரே முட்டையிட்டிருந்தது என்பதை இதனினும் சுருங்கச் சொன்ன கதை எனக்குத் தெரியாது. அங்கும் கதவு பூட்டப்பட்டுத் தமையன் வீட்டிற் பாழாயிருந்தவள் தாமாரே.

இதனை இத்துணை விரித்ததற்குக் காரணம் எம் ஊரே. மறைமலை நகருக்குப் பெயர்தந்த மறைமலையடிகள் 1898 முதல் 1911 வரை நம் கல்லூரியில் தமிழாசிரியராய் விளங்கியவர். அந்நாளிற் கல்லூரி சென்னை நகரத்துள் இருந்தது. தாம்பரத்திற்கு வந்தது 1937-இல். முல்லைப்பாட்டிற்கு அவர் எழுதிய ஆராய்ச்சியுரை, பிரிந்தவனுக்காக ஆற்றியிருக்கும் ஒத்த காமத்தை நமக்கு விளக்கிற்று. அவர் பெயர்கொண்ட ஊரினின்று இன்று விடியுமுன்னே ஒரகடத்திற்கும் திருப்பெரும்பூதூருக்கும் கம்பெனி பஸ்கள் புறப்படுகின்றன. அவற்றில் ஏறுவோருட் பலர் தென்மாவட்டங்களிலிருந்தும் வெளிமாநிலங்களிலிருந்தும் வந்து விடுதிகளில் தங்கும் இளம்பெண்கள். எங்கள் தெருவில் வாடகைக்கிருந்த அக்கா ஒருவரை, பஸ் நிற்கும் இடத்தில் ஓர் ஆள் சில திங்கள் தொடர்ந்து நின்று பார்த்துவந்தான். பேசமாட்டான், கடிதம் வைப்பான். செய்தி ஊருக்கு எட்டியவுடன் அவர் வீட்டார் சொன்ன முதற்சொல், 'வேலையை விட்டுவிட்டு வா' என்பதே. அவ்வாளிடம் சென்று ஒரு சொல்லும் சொல்லுவாரில்லை. தெருவிலுள்ளோரில் ஒருவர், 'பாவம், உண்மையான காதல்' என்றும் சொன்னார். அவர் நல்லவர், நாள்தோறும் இரவில் குறுந்தொடர் பார்ப்பவர். அக்கா வேலையை விடவில்லை. மாலை முறைக்கு மாற்றிக்கொண்டார். அதனால் சம்பளத்தில் ஒன்றும் குறையவில்லை, பகலில் உறங்கவேண்டியதாயிற்று.

எல்லாம் இத்துணை எளிதில் முடிவதில்லை. 2022-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், இதே இரயிற்பாதையிலுள்ள பரங்கிமலை நிலையத்தில், தன்னை மறுத்த கல்லூரி மாணவி ஒருத்தியை ஓடும் இரயில் முன் ஒருவன் தள்ளிக் கொன்றான். 2024 டிசம்பரில் சென்னை மகளிர் நீதிமன்றம் அவனுக்குத் தண்டனை விதித்தது. நாம் நாள்தோறும் கடக்கும் நடைமேடை அது.

சட்டம் நம் நாட்டில் மெல்ல வந்தது. பொதுவிடங்களிற் பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1998-இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. பின்தொடர்தல் என்பதே தனிக்குற்றமாக இந்தியத் தண்டனைச் சட்டத்துட் சேர்ந்தது 2013-இல்தான். 2024 சூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதையில் அது 78-ஆம் பிரிவு. முதன்முறைக்கு மூன்றாண்டு வரையும், மீண்டும் செய்யின் ஐந்தாண்டு வரையும் சிறை. பெண் தனக்கு விருப்பமின்மையைத் தெளிவாகக் காட்டிய பின்னும் அவளைத் தொடர்தலே குற்றமென அப்பிரிவு கூறுகின்றது. சட்டம் அவளிடம் தெளிவான மறுப்பை வேண்டுகின்றது. தொல்காப்பியரோ விடை வாராமையையே போதுமென்று கொண்டார். அஞ்சி வாய்திறவாத பெண்ணுக்கு எது அரணாகுமென்று எண்ணிப் பார்க்கலாம்.

குறுந்தொடர் எழுதுவோர் தீயவர் என்பது என் வழக்கன்று. அதன் வாணிகமே அவரை அங்கே தள்ளுகின்றது. முதற் சில பகுதிகள் இலவசம், பின்வருவனவற்றுக்குப் பணம். ஒவ்வொரு நிமிடத்தின் இறுதியிலும் ஒரு கொக்கி வேண்டும். அவள் மூன்றாம் பகுதியில் 'வேண்டா' என்று சொல்ல, அவன் 'நன்று' என்று சொல்லிப் போய்விட்டால் அறுபது பகுதிகளுக்கு எங்கே போவது? ஆகவே அவள் மறுப்பு மறுப்பாயிருத்தல் கூடாது; நீட்டிக்கப்பட்ட இசைவாயிருத்தல் வேண்டும். பெருஞ்சினிமாவுக்கு இந்நெருக்கடி சற்றுக் குறைவு. 1991-இல் வந்த குணாவில் தூக்கிச்செல்லப்பட்டவள் மனமாறிக் காதலித்தாள். 2003-இல் வந்த காதல் கொண்டேனில் அவள் மாறவேயில்லை, அவன்தான் பிடியை விட்டு வீழ்ந்தான். இரண்டிற்கும் கண்ணீர் விட்டவர்கள் ஒருவரே எனினும், பின்னதே கைக்கிளையின் உண்மையைச் சொன்னது.

நம் மாணவரிற் குறும்படம் எடுப்போர் சிலர் உளர். அவர்கட்கு ஒரு கதை சொல்லலாம்: நக்கண்ணையார். மூன்றே பகுதிகள், ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். முதலாவதில் கழலும் வளை; இரண்டாவதில் பொன்னிறமான மேனி; மூன்றாவதில் பனைமரமும் தொலைவில் ஊராரின் ஆரவாரமும். நான்காம் பகுதி எங்கே என்று பார்ப்பவர் கேட்பர். புறநானூற்றில் 86-ஆம் பாட்டு காவற்பெண்டினுடையது. தன் மகன் எங்கேயென்று கேட்டு வந்து சிறுவீட்டின் தூணைப் பற்றி நிற்பவளுக்கு ஒரு தாய் சொல்லும் விடை அது.